கல்லாவில் வெள்ளி ரூபாய் சிக்குமா?

வெள்ளகோவிலில் கேசியர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவனைப் பார்த்தால் ஊரில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: “ஏனுங் சார், எத்தனை வெள்ளிக் காசு எடுத்து வெச்சிருக்கறீங்?” தறிப்பட்டறை வாரக்கூலி, எண்ணெய் மில் வசூல், முருங்கைக்காய் வியாபாரம், வீரக்குமாரசாமி கோயில் திருவிழாச் சில்லறை என்று இத்தனை காசு புழங்கும் ஊரில், அதையெல்லாம் எண்ணுகிறவன் கையில் பழைய வெள்ளி சிக்காமல் இருக்குமா என்பது அவர்கள் கணக்கு.

சிக்காது. அதற்கு வரலாற்றில் காரணம் உண்டு.

அமெரிக்காவில் வங்கிக் கவுன்டரில் இருப்பவர்களுக்கு வெள்ளிக் காசு கிடைப்பது உண்மைதான். அங்கே 1964 வரை அச்சான பத்து சென்ட், கால் டாலர், அரை டாலர் காசுகளில் 90 சதவீதம் வெள்ளி. 1965-இல் சட்டத்தை மாற்றி வெள்ளியைக் குறைத்தார்களே தவிர, பழைய காசைச் செல்லாது என்று சொல்லவில்லை. அதனால் தாத்தாவின் உண்டியலை உடைத்துப் பேரன் வங்கியில் கட்டும்போது இன்றைக்கும் வெள்ளி வரும்.

நம் நாட்டில் நடந்தது வேறு. விக்டோரியா ராணி, எட்வர்ட், ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட ரூபாய் ஒரு தோலா எடை, அதாவது 11.66 கிராம். அதில் ஏறத்தாழ 92 சதவீதம் வெள்ளி. இரண்டாம் உலகப் போரில் வெள்ளித் தட்டுப்பாடு வந்ததும் 1940-இல் ரூபாயின் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தார்கள். பழைய ரூபாய்களை 1941 முதல் 1943-க்குள் ஒவ்வொன்றாகச் செல்லாது என்று அறிவித்தார்கள். போர்க்காலத்தில் காசு அச்சடிக்க அமெரிக்காவிடம் இந்தியா 22.6 கோடி அவுன்ஸ் வெள்ளி கடன் வாங்கியது. அந்தக் கடனைத் திருப்பிக் கொடுக்க, பாதி வெள்ளி கலந்த காசுகளையும் திரும்பப் பெற்று, கல்கத்தாவில் உருக்கிச் சுத்திகரித்து, 1957-இல் கப்பலேற்றினார்கள். நம் ஊர் கேசியர் எடுத்துக்கொண்டதாகச் சொல்லும் வெள்ளி இப்படித்தான் போனது. மிஞ்சியவை வீட்டு பீரோவிலும், அரைஞாணிலும், கல்யாணச் சீரிலும் கிடக்கின்றன. கவுன்டருக்கு அவை வரவும் வராது, வந்தால் நாங்கள் வாங்கவும் முடியாது. செல்லாத காசைக் கட்டியவரிடமே திருப்பித் தர வேண்டும்.

ஒரே ஒரு விலக்கு உண்டு. 1969-இல் காந்தி நூற்றாண்டுக்கு வந்த பத்து ரூபாய் நாணயம் 15 கிராம், அதில் 80 சதவீதம் வெள்ளி. அதையொட்டி அடுத்த சில ஆண்டுகளில் வேறு சில பத்து ரூபாய் வெள்ளி நாணயங்களும் வந்தன. அவற்றைப் பத்து ரூபாய் என்று கொண்டுவந்து கட்டும் அப்பாவியை நான் பார்த்ததில்லை.

“1947 புலி ரூபாய் சுத்த வெள்ளிங்க” என்பார்கள். ஒரு காந்தத்தை அருகில் கொண்டு போங்கள், ஒட்டிக்கொள்ளும். வெள்ளி காந்தத்தில் ஒட்டாது. 1947-இல் வந்த புலி ரூபாய் நிக்கல். சுதந்திரத்துக்குப் பின் 1950-இல் வந்த ரூபாயும் நிக்கல்தான். தாமரைப் பூ போட்ட இருபது பைசாவில் தங்கம் கலந்திருக்கிறது என்பது இன்னொரு கதை. 1968 முதல் 1971 வரை வந்த அந்தக் காசின் மஞ்சள் நிறம் செம்புக் கலவையால் வந்தது, தங்கத்தால் அல்ல. தங்கம் எடுக்கலாம் என்று அதை உருக்கியவர்களுக்கு விறகுச் செலவுதான் மிச்சம். செல்லும் நாணயத்தை உருக்கினால் 2011 நாணயச் சட்டப்படி ஏழு ஆண்டு வரை சிறை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது செல்போனில் சுற்றும் கதைக்கு வருவோம். வைஷ்ணவ தேவி படம் போட்ட ஐந்து ரூபாய், பத்து ரூபாய் நாணயங்களுக்குப் பல லட்சம் கிடைக்குமாம். 2012-இல் வந்த அவை சாதாரணப் புழக்கத்துக்கே வெளியிடப்பட்டவை. சந்தையில் கறிவேப்பிலை வாங்கினால் மீதிச் சில்லறையில் வரும். லட்சம் தருவதாகச் சொல்பவர் முதலில் “கமிஷன் அனுப்புங்க, வரி கட்டுங்க” என்பார். ரிசர்வ் வங்கி பெயரையே இழுப்பார். பழைய காசு, நோட்டு வாங்கி விற்பதில் தனக்கு எந்தத் தொடர்பும் இல்லை, கட்டணம் வசூலிக்க யாருக்கும் அனுமதி தரவில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் வெளிப்படையாக எச்சரித்தது. ராமர் பட்டாபிஷேகம் பொறித்த 1818 கம்பெனி அணாவும் இதே ரகம்தான். அப்படி ஒரு காசை கிழக்கிந்தியக் கம்பெனி அச்சடிக்கவே இல்லை. அந்தக் காசு அரிசியை இழுக்கிறது, உள்ளே இரிடியம் இருக்கிறது என்று சொல்லி வந்தால், பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டுப் போலீசுக்குச் சொல்லுங்கள்.

அப்படியானால் கேசியர் கையில் எதுவுமே சிக்காதா? சிக்கும், ஆனால் பணமாக்கும் அளவுக்கு அல்ல. 2003-இல் காமராஜர், 2009-இல் தமிழ்க் கையெழுத்தோடு அண்ணா, 2010-இல் நம் கொங்கு மண்ணின் சி. சுப்பிரமணியம் என்று ஐந்து ரூபாய் நாணயங்கள் வந்தன. அதே தலைவர்களுக்கு வெள்ளி கலந்த நூறு ரூபாய் நாணயங்கள் வந்தாலும், அவை நாணயச் சாலையிடம் பணம் கட்டி வாங்கும் செட்டுகள், கவுன்டர் வழியாக வராதவை. ஆண்டுக்குக் கீழே வைரக்குறி இருந்தால் மும்பை, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், புள்ளி என்றால் நொய்டா, எதுவும் இல்லை என்றால் கொல்கத்தா. எண்ணும் சலிப்பு தீர இதைப் பார்த்துக்கொண்டிருப்பது நல்ல பொழுதுபோக்கு. பிடித்த காசை எடுத்துக்கொண்டு பாக்கெட்டில் இருந்து அதே மதிப்புக்கு வேறு காசு போட்டுவிட்டால் கல்லாக் கணக்கு உதைக்காது.

இதில் வேடிக்கை என்னவென்றால், லட்சம் தரும் என்று ஒரு பத்து ரூபாய் நாணயத்தைப் பொத்தி வைக்கும் அதே ஊரில், மற்ற பத்து ரூபாய் நாணயம் செல்லாது என்று கடைக்காரர் திருப்பிக் கொடுக்கிறார். பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே சொல்லிவிட்டது. ஒரே தடவையில் ஆயிரம் ரூபாய் வரை நாணயமாகக் கொடுக்கச் சட்டத்தில் இடமுண்டு.

கடைசியாக, கிணறு வெட்டும்போதோ அஸ்திவாரம் தோண்டும்போதோ கிடைத்த காசைப் பேங்கில் மாற்றிக்கொள்ளலாம் என்ற நினைப்பு. கொங்கு மண்ணில் இது வெறும் கற்பனை அல்ல. 1842-இல் கோவை வெள்ளலூரில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட ரோமானிய வெள்ளிக் காசுகள் ஒரே இடத்தில் கிடைத்தன. ஆனால் அதை வாங்க எந்த வங்கிக்கும் அதிகாரம் இல்லை. 1878 புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவும் மண்ணிலிருந்து கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் பங்கும் போகும், சிறையும் உண்டு. முறையாகச் சொல்லி, யாருடைய உடைமையும் அல்ல என்று முடிவானால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. அரசே எடுத்துக்கொண்டால் உலோக மதிப்புக்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துத் தரும்.