ரெப்போவை எங்கே வைப்பது?

அன்புள்ள தம்பிக்கு,

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டை கிட்ஹப்பில் வைப்பதா கிட்லேபில் வைப்பதா என்று உங்கள் நால்வருக்குள்ளும் வாட்ஸ்அப்பில் சண்டை நடப்பதாக எழுதியிருந்தாய். எதில் என்ன இலவசம், எது பார்க்க நன்றாக இருக்கிறது என்பதைப் பற்றித்தான் எல்லோரும் பேசியிருக்கிறீர்கள். நான் முதலில் கேட்பது வேறு. நாளைக்கு அங்கிருந்து கிளம்ப வேண்டி வந்தால், எதையெல்லாம் கையோடு எடுத்து வர முடியும்?

வீண் பயம் என்று நினைக்காதே. கூகுள் 2006-இல் தொடங்கிய கூகுள் கோட் 2016 ஜனவரியில் மூடப்பட்டது. மைக்ரோசாஃப்டின் கோட்பிளெக்ஸ் 2017-இல் போனது. பிட்பக்கெட் மூடப்படவில்லை. ஆனால் அது கிட் போன்ற இன்னொரு கருவியான மெர்க்குரியலை நம்பித் தொடங்கிய தளம், 2020-இல் அந்த மெர்க்குரியல் ரெப்போக்களையே கைகழுவிவிட்டது. சோர்ஸ்ஃபோர்ஜ் கதை இன்னும் மோசம். ஒரு காலத்தில் ஓப்பன் சோர்ஸ் என்றாலே அங்கேதான். 2015-இல், அங்கிருந்து விண்டோஸுக்கான கிம்ப் என்ற படத்திருத்தியை இறக்கியவர்களுக்கு விளம்பர மென்பொருளையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தார்கள். இத்தனைக்கும் கிம்ப் குழு அதற்கு முன்பே அங்கிருந்து விலகிவிட்டிருந்தது! மறு ஆண்டு உரிமையாளர் மாறியதும் அந்த வழக்கம் நின்றது. கெட்ட பெயர் மட்டும் போகவில்லை.

கிட் பிறந்ததே இப்படி ஒரு நெருக்கடியில்தான். லினக்ஸ் கெர்னல் குழு கோட் வரலாற்றைப் பராமரிக்கப் பயன்படுத்திய பிட்கீப்பரின் இலவச உரிமம் 2005-இல் கைவிட்டுப் போனபோது, லினஸ் டோர்வால்ட்ஸ் உட்கார்ந்து கிட்டை எழுதினார். கிட்டில் நீ குளோன் செய்யும் ஒவ்வொரு பிரதியிலும் முதல் கமிட்டிலிருந்து முழு வரலாறும் இருக்கும். தளம் மூழ்கினாலும் கோட் உன் லேப்டாப்பில் பத்திரம்.

ஆனால் இஷ்யூக்கள், புல் ரிக்வெஸ்ட்டில் நடந்த வாதங்கள், யார் எதை ஏன் வேண்டாம் என்றார்கள் என்பதெல்லாம் கிட்டுக்குள் இல்லை. அவை தளத்தின் டேட்டாபேஸில் கிடக்கின்றன. 2017 ஜனவரி 31 இரவு கிட்லேபில் நடந்ததைப் பார். டேட்டாபேஸ் சிக்கலைச் சரிசெய்துகொண்டிருந்த பொறியாளர் ஒருவர், துணை சர்வர் என்று நினைத்து முதன்மை சர்வரின் தகவல்களை அழித்துவிட்டார். ஓரிரு நொடியில் சுதாரித்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிச்சம். பேக்கப்புக்கு நாலைந்து ஏற்பாடு இருந்தும் ஒன்றும் ஒழுங்காக வேலை செய்யவில்லை. வேறு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு யாரோ எடுத்துவைத்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. ரெப்போக்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த ஆறு மணி நேரத்து இஷ்யூக்களும் கருத்துகளும் போயே போயின. நடந்ததை அவர்கள் ஒளிக்கவில்லை, மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகவே காட்டினார்கள். அதனாலேயே எனக்கு அவர்கள் மேல் மரியாதை உண்டு.

பைத்தான் மொழியின் கோட் 2017-இல் கிட்ஹப்புக்கு வந்துவிட்டது. அதன் இஷ்யூக்கள் வந்து சேர்ந்தது 2022-இல். எது இலகுவாக நகரும், எது நகராது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

சரி, எதைத்தான் எடுப்பது? உங்கள் நாலு பேருக்கும் கிட்ஹப் போதும். அது மற்றதைவிட உயர்ந்தது என்பதால் இல்லை. ஆட்கள் அங்கே இருக்கிறார்கள் என்பதால். நீ பயன்படுத்தும் ஓப்பன்-தமிழ் நிரலகமும் அங்கேதான் இருக்கிறது, அதில் ஒரு பிழையைக் கண்டால் அதே கணக்கிலிருந்து சொல்லலாம். ஒன்றை மட்டும் தெரிந்துகொள். 2018-இலிருந்து அது மைக்ரோசாஃப்டின் சொத்து, அமெரிக்கச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. 2019-இல் பொருளாதாரத் தடையைக் காட்டி ஈரான், சிரியா, கிரிமியாவில் இருந்த நிரலாளர்களின் தனிப்பட்ட ரெப்போக்களை அது முடக்கியது. இது உறுத்தினால், பெர்லினில் லாப நோக்கில்லாத சங்கம் ஒன்று நடத்தும் கோட்பெர்க் இருக்கிறது. ஓப்பன் சோர்ஸுக்கு மட்டும் அது நல்ல இடம். சொந்த சர்வரில் கிட்லேபை நிறுவலாம் என்று உங்களில் ஒருவன் சொல்கிறானாம். க்னோம் திட்டம் அப்படித்தான் நடத்துகிறது, அதைப் பார்த்துக்கொள்ள அவர்களிடம் ஆள் இருக்கிறது. செமஸ்டர் தேர்வு நேரத்தில் உங்கள் சர்வருக்கு யார் அப்டேட் போடுவது?

எங்கே வைத்தாலும், முக்கிய முடிவுகளை இஷ்யூவிலேயே விட்டுவிடாதீர்கள். ரெப்போவுக்குள் ஒரு கோப்பில் காரணத்தோடு எழுதி கமிட் செய்யுங்கள். மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் ‘கிட் குளோன் --மிரர்’ கொடுத்து வேறொரு டிஸ்க்கில் போட்டுவைக்கட்டும். கிட்ஹப்பின் விக்கியும் தனி கிட் ரெப்போதான், அதையும் சேர்த்து எடுக்கலாம்.

இன்னொன்று. முழு வரலாறும் கூடவே வரும் என்றேனே, அதற்கு மறுபக்கம் உண்டு. டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் இருக்கும் கோப்பை ஒருமுறை பொது ரெப்போவில் புஷ் செய்துவிட்டால், அடுத்த கமிட்டில் அழித்துப் பயனில்லை. பழைய கமிட்டில் அது அப்படியே இருக்கும், அதற்குள் யார் குளோன் எடுத்தார்களோ தெரியாது. அப்படி நேர்ந்தால் வரலாற்றைத் திருத்துவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் பாஸ்வேர்டை மாற்று.

அன்புடன்,
அக்கா