பொலிகாளையின் விந்து வளம்

அனுபவமுள்ள கமக்காரர் முளைதிறனைச் சோதியாது விதைநெல்லை வயலில் இடுவதில்லை. ஆயினும், ஊர்ப் பசுக்களுக்கு விடப்படும் பொலிகாளையை அவர் பெரும்பாலும் தோற்றத்தைக் கொண்டே மதிப்பிடுகின்றார். திமில் திரண்டு, பசுவைக் கண்டதும் விரைந்து செல்லும் காளை சிறந்ததெனக் கருதப்படுகின்றது. அத்தகைய காளையின் விந்திலும் போதிய விந்தணுக்கள் இல்லாதிருத்தல் கூடும். அப்போது பசு ஏறக்குறைய 21 நாட்களுக்கு ஒருமுறை மீண்டும் வேட்கைக்கு வரும். கன்றும் பாலும் கிடைக்காமலே காலம் கழியும்.

விதைகளின் இரு தொழில்கள்

காளையின் விதைகளிலுள்ள நுண்குழாய்களில் விந்தணுக்கள் உண்டாகின்றன. அக்குழாய்களுக்கு இடையிலுள்ள கலங்கள் தெசுத்தோசுத்தரோன் என்னும் ஓமோனைச் சுரக்கின்றன. 1935 ஆம் ஆண்டில் இவ்வோமோன் காளைகளின் விதைகளிலிருந்தே தூய நிலையிற் பிரித்தெடுக்கப்பட்டது.

திமிலின் வளர்ச்சி, கழுத்தின் பருமன், பசுவை நாடும் இயல்பு ஆகியன இவ்வோமோனால் உண்டாவன. நலமடித்த மாடு சாந்தமடைவது இது குன்றுவதனாலேயே. விந்தணுக்கள் முதிர்வதற்கும் இது இன்றியமையாதது. ஆனால் அதற்கு, இரத்தத்தில் உள்ளதைவிடப் பன்மடங்கு செறிவில் இது விதைகளுக்குள்ளேயே இருத்தல் வேண்டும். கபச்சுரப்பியின் தூண்டுதலும் விதைகளுக்குக் குளிர்ச்சியும் உடன் தேவை. ஆகவே, காளையின் வேகம் அதன் விந்து வளத்துக்குச் சான்றாகாது.

ஊசி மருந்து பயன் தராது

தளர்ந்த காளைக்கு இவ்வோமோனை ஊசி மூலம் ஏற்றினால் விந்து பெருகும் எனச் சிலர் எண்ணுவர். நிகழ்வது இதற்கு மாறானது. இரத்தத்தில் ஓமோன் மிகுந்ததும் கபச்சுரப்பி தன் தூண்டுதலைக் குறைத்துவிடும். விதைகள் தம் சுரப்பைத் தளர்த்தும், விந்தணுக்களும் குறையும்.

வெப்பமும் காலமும்

காளையின் உடல் வெப்பநிலை ஏறக்குறைய 38.5 பாகை செல்சியசு ஆகும். விதைகள் அதனிலும் 2 முதல் 6 பாகை வரை குளிர்ந்திருத்தல் வேண்டும். அவை உடலுக்கு வெளியே பையிற் தொங்குவது இதன் பொருட்டே. கடும் வெயிலும் காய்ச்சலும் இக்குளிர்ச்சியைக் கெடுக்கும்.

ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 61 நாட்கள் செல்லும். பின்னர், விதையை ஒட்டிய சுருண்ட குழாயில் அது முதிர ஒரு வாரத்துக்கு மேலாகும். ஆகவே, சித்திரையில் கால்வாய் நோயுற்ற காளையின் குறை வைகாசியிலும் ஆனியிலும் வெளிப்படலாம். அதனை உடனே மலடெனத் தள்ளிவிடலாகாது. சுகமடைந்து இரண்டரை மாதங்களின் பின் மீண்டும் சோதிப்பித்தல் நன்று. இடைக்காலத்தில் பசுக்களைச் செயற்கை முறையிற் சினைப்படுத்தலாம்.

கமக்காரர் கவனிக்க வேண்டியவை

1. பொலிகாளைக்கு நிழலும் வேண்டிய அளவு தண்ணீரும் அளித்தல் வேண்டும்.

2. வைக்கோலை மாத்திரம் உண்ணும் காளைக்கு உயிர்ச்சத்து ஏ குறையும், விந்தும் கெடும். பசும்புல்லும் சீமைக்கிளுவை போன்ற இலைகளும் தாதுப்பும் கொடுத்தல் நன்று.

3. இரு விதைகளும் ஒத்த பருமனும் உறுதியும் உடையனவா எனக் கவனித்தல் வேண்டும். வீக்கமோ சுருக்கமோ காணின் மிருக வைத்தியரிடம் காட்டுக.

4. பசுவைக் காளைக்கு விட்ட தேதியைக் குறித்து வைக்க. ஒரே காளைக்கு விட்ட பசுக்கள் பல மீண்டும் வேட்கைக்கு வருமாயின், காளையின் விந்தைச் சோதிப்பித்தல் வேண்டும்.

5. நலமடித்த காளையின் குழாய்களில் முன்னர் உண்டான விந்தணுக்கள் சில வாரங்கள் தங்கியிருத்தல் கூடும். அதுவரை அதனைப் பசுக்களோடு சேரவிடலாகாது.

6. கட்டான கன்றுகளை வண்டிக்கும் ஏருக்குமென நலமடித்து, நலிந்தவற்றைப் பொலிக்கு விடும் வழக்கம் மந்தையைச் சீர்குலைக்கும். சிறந்த கன்றையே பொலிக்கென வளர்த்தல் வேண்டும்.