சந்தோஷமாகப் பாடினால் குற்றமா?

(இரண்டாமாண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை)



எலக்ட்ரானிக்ஸ் பசங்க மலருக்கு எழுதினால் ரோபோ அல்லது செயற்கைக்கோள், இரண்டில் ஒன்றுதான் என்று மெக்கானிக்கல் நண்பர்கள் கிண்டல் செய்வது உண்டு. நானும் ரோபோவைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஆனால் என் ரோபோக்கள் இரண்டு பேரும் பிரான்ஸ் நாட்டுக்காரர்கள், பாட்டுப் போடுகிறவர்கள். ஒரு தடவை அவர்கள் கொஞ்சம் சந்தோஷமான பாட்டாகப் போட்டுவிட்டார்கள். அதற்கு அவர்களுடைய ரசிகர்களிலேயே பலர் கோபித்துக்கொண்டார்கள்! ஏன் என்பதுதான் பாடம்.

குழுவின் பெயர் டாஃப்ட் பங்க். தாமஸ் பங்கால்தேர், கீ-மானுவல் டி ஓமெம்-கிறிஸ்தோ இருவரும் 1987-ல் பாரிஸில் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த நண்பர்கள். முதலில் டார்லின் என்று ஒரு கிடார் குழுவில் இருந்தார்கள். 'மெலடி மேக்கர்' என்ற இங்கிலாந்துப் பத்திரிகை அதைக் கிறுக்குத்தனமான சத்தம் என்கிற மாதிரி திட்டியது. அந்தத் திட்டிலிருந்த வார்த்தைகளையே எடுத்து அடுத்த குழுவுக்குப் பெயராக வைத்துக்கொண்டார்கள். ஆள் எப்படிப்பட்டவர்கள் என்று இதிலேயே தெரிந்திருக்குமே!

1997-ல் முதல் ஆல்பம் 'ஹோம்வொர்க்'. தாமஸின் படுக்கையறையிலேயே செய்தது, அதனால்தான் வீட்டுப்பாடம் என்று பெயர். டிரம்ஸுக்கு ரோலண்ட் டிஆர்-909 மாதிரி மிஷின்கள். சத்தம் கரடுமுரடாக இருக்கும். 'ரோலின் அண்ட் ஸ்கிராச்சின்' என்ற பாட்டைக் கேட்டால், லேத்தில் கூலன்ட் இல்லாமல் டூல் உரசுகிறதோ என்று தோன்றும். ராத்திரி கிளப்புகளில் ஆடுகிறவர்களுக்கு அதுதான் பிடித்தது. இது ரேடியோ கேட்கிற கூட்டத்துக்கு இல்லை, நமக்கானது என்ற பெருமை அவர்களுக்கு.

நவம்பர் 2000-ல் 'ஒன் மோர் டைம்' வந்தது. கல்யாண பேண்டு மாதிரி முழங்குகிற பித்தளை வாத்தியச் சத்தம், கொண்டாடச் சொல்லும் ஒரு குரல், அந்தக் குரலிலும் ஆட்டோ-டியூன். பிரான்ஸில் முதல் இடத்துக்குப் போனது. 2001-ல் முழு ஆல்பம் 'டிஸ்கவரி' வந்தது. 'ஏரோடைனமிக்' பாட்டின் நடுவே ராக் கச்சேரி போல கிடார் பறக்கிறது. 'டிஜிட்டல் லவ்' அப்படியே காதல் கனவு. பழைய ரசிகர்கள் விழித்தார்கள். "இது நம்ம ஆளுங்கதானா?"

இங்கே நம் துறைப் பாடம் கொஞ்சம் வேண்டும். சந்தோஷம் என்றால் வேகம் என்று பலர் நினைக்கிறோம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 'ஒன் மோர் டைம்' நிமிடத்துக்கு ஏறக்குறைய 123 அடி. 60-ஐ 123-ஆல் வகுத்தால் 0.49 வினாடிக்கு ஓர் அடி. பழைய ஆல்பத்தின் 'அரௌண்ட் தி வேர்ல்ட்' ஏறக்குறைய 121. வித்தியாசம் இரண்டே அடி! ஆகவே வேகத்தில் ஒன்றும் பெரிதாக மாறவில்லை. மாறியது மெட்டு, பித்தளைச் சத்தம், அதோடு நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சர்க்யூட்: லோ பாஸ் ஃபில்டர்.

லேபில் செய்து பார்க்கலாம். 0.1 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் ஒன்று, அதோடு சீரிஸில் 10 கிலோ ஓம் பாட் ஒன்று. பாட் முழு மதிப்பில் இருக்கும்போது கட்-ஆஃப் சுமார் 159 ஹெர்ட்ஸ். பாட்டை இதன் வழியாக அனுப்பினால், பக்கத்து வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு கேட்பது போல 'தும் தும்' மட்டும்தான் வரும். மெதுவாகத் திருப்பி 1 கிலோ ஓமுக்கு வந்தால் 1,590 ஹெர்ட்ஸ், 100 ஓமுக்கு வந்தால் 15,900. கதவு திறந்து, பாட்டு நம்ம வீட்டுக்குள்ளேயே வந்துவிடுகிறது! சிந்தசைசரில் உள்ள ஃபில்டர் இதைவிடச் செங்குத்தாக வெட்டும், தத்துவம் இதேதான். 'ஒன் மோர் டைம்' தொடங்கும்போது அந்த வாத்தியச் சத்தம் அமுங்கிக் கேட்டு, பிறகு மலர்வதைக் கவனியுங்கள். உடம்பு தானாக எழுந்திருக்கும். எக்ஸாமுக்கு நான் மனப்பாடம் செய்த ஃபார்முலா அது. அதற்குள் இப்படி ஒரு சமாசாரம் இருப்பது புஸ்தகத்தில் இல்லை.

அந்த வாத்தியச் சத்தமே எட்டி ஜான்ஸ் என்பவர் 1979-ல் பாடிய 'மோர் ஸ்பெல் ஆன் யூ' என்ற பாட்டிலிருந்து துண்டு துண்டாக வெட்டி மாற்றி அடுக்கியது. அவருக்கு இத்தனை வருஷமும் காசு வந்து சேரவில்லை என்று 2021-ல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் எழுதியது. கோபப்படுவதென்றால் அதற்குப் பட்டிருக்கலாம். ஆனால் 2001-ல் கோபம் வேறு பக்கம் இருந்தது. ரேடியோவுக்கு விலை போய்விட்டார்கள், டிஸ்கோ பழைய சரக்கு, ஆட்டோ-டியூன் ஏமாற்று வேலை என்றெல்லாம் பேச்சு. பிட்ச்ஃபோர்க் என்ற அமெரிக்க விமர்சன இதழ் பத்துக்கு 6.4 மார்க் போட்டது. பாஸ்தான், ஆனால் டிஸ்டிங்ஷன் இல்லை.

விலை போனார்கள் என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. 'ஹோம்வொர்க்'கில் 'டீச்சர்ஸ்' என்று ஒரு பாட்டு உண்டு. தங்களுக்கு வழிகாட்டிய கலைஞர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லும் குரு வணக்கம் அது. அந்தப் பட்டியலில் ரோமாந்தனி பெயரும் டாட் எட்வர்ட்ஸ் பெயரும் இருக்கின்றன. 'ஒன் மோர் டைம்' பாடியவர் அதே ரோமாந்தனி. 'ஃபேஸ் டு ஃபேஸ்' பாடியவர் அதே டாட் எட்வர்ட்ஸ். வாத்தியாரையே வீட்டுக்குக் கூப்பிட்டுப் பாட வைத்தவர்களை, பழசை மறந்தவர்கள் என்று எப்படிச் சொல்வது?

ஆட்டோ-டியூனுக்குத் தாமஸே பதில் சொன்னார். எழுபதுகளின் கடைசியில் பிரான்ஸில் சில இசைக்கலைஞர்கள் சிந்தசைசரைத் தடை செய்யப் பார்த்தார்களாம், இதுவும் அதே கதைதான் என்றார். இன்னொன்றும் சொன்னார்: இந்த ஆல்பம் தங்கள் சின்ன வயசைப் பற்றியது, எது உசத்தி எது மட்டம் என்று பிரித்துப் பார்க்காமல் பாட்டுக் கேட்ட காலத்தைப் பற்றியது என்று. தாமஸின் அப்பா டேனியல் வாங்கார்டு டிஸ்கோ பாட்டு எழுதியவர். ஒட்டவான் குழுவின் 'டி.ஐ.எஸ்.சி.ஓ.' அவர் கைவண்ணம். அதே குழுவின் 'தே ஓகே' பாட்டை ஒட்டித்தான் 1982-ல் 'டிஸ்கோ டான்ஸர்' இந்திப் படத்தின் 'ஜிம்மி ஜிம்மி' வந்தது. நம்ம அப்பா அம்மா காலத்துக்காரர்களுக்கு அந்த மெட்டு தெரிந்திருக்கும்!

எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். படிக்க வந்ததும் பேச்சு மாறணும், சட்டை மாறணும், கேட்கிற பாட்டும் மாறணும் என்று ஒரு எழுதாத சட்டம் இருக்கிறது. ஊர்த் திருவிழாவில் மைக் செட்டில் ஓடுகிற குத்துப்பாட்டு பிடிக்கும் என்று விடுதியில் சொல்ல நம்மில் பலருக்கு வாய் வராது. புரியாத பாட்டைப் பிடிக்கும் என்றால் மதிப்பு. 2001-ல் கோபித்துக்கொண்டவர்களுக்கும் இந்த மாதிரி மதிப்புப் பிரச்சினைதான் இருந்திருக்கும் என்பது என் எண்ணம். எல்லோரும் ஆடுகிற பாட்டை நாமும் ஆடினால், நாம் மட்டும் யார்?

வேடிக்கையைக் கேளுங்கள். 2005-ல் 'ஹ்யூமன் ஆஃப்டர் ஆல்' வந்தது. ஆறே வாரத்தில் செய்தது. வறட்சியான, திரும்பத் திரும்ப இடிக்கிற சத்தம். முரட்டு இசை கேட்டவர்கள் கொண்டாடியிருக்க வேண்டும் அல்லவா? இப்போது "டிஸ்கவரி மாதிரி இல்லையே" என்ற ஏக்கம்!

2007-ல் பாரிஸ் பெர்சி அரங்கில் நடந்த கச்சேரி 'அலைவ் 2007' என்று ஆல்பமாக வந்தது. அதில் பழைய 'அரௌண்ட் தி வேர்ல்ட்'டும், டிஸ்கவரியின் 'ஹார்டர், பெட்டர், ஃபாஸ்டர், ஸ்ட்ராங்கர்' பாட்டும் ஒன்றின் மேல் ஒன்றாக ஓடுகின்றன. கச்சிதமாகப் பொருந்துகிறது. கூட்டம் போடுகிற கூச்சல் பாட்டையே மூழ்கடிக்கப் பார்க்கிறது.

பிப்ரவரி 2021-ல் டாஃப்ட் பங்க் கலைந்தது. அதே வருஷம் பிட்ச்ஃபோர்க் தன் பழைய பேப்பரைத் தானே திருத்தி, 6.4-ஐ 10 ஆக்கியது. ஆல்பத்தில் இருப்பது அதே 14 பாட்டுதான். கடைசிப் பாட்டு 'டூ லாங்' பேருக்கேற்ற மாதிரி இன்றைக்கும் பத்து நிமிஷம் ஓடுகிறது. அதில் மட்டும் நான் பழைய கோபக்காரர்கள் கட்சி.