பாட்டியின் மணை

நுழையும் முன்

உங்கள் வீட்டு மரக்கதவு மழைக்காலத்தில் இறுகிக்கொண்டு, கோடையில் எளிதாகத் திறப்பதைக் கண்டிருக்கிறீர்களா? அதற்குரிய காரணம் இப்பாடத்தின் நடுவில் வருகிறது. காரணத்தை நீங்களே ஊகித்து, குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பாடம்

நான் ஒன்பதாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது, பாட்டி ஊரைவிட்டுத் தில்லிக்கு எங்களோடு வாழ வந்தார். தரையில் அமர்ந்து உண்பதே அவர் வழக்கம். தில்லித் தரையின் குளிர் அவர் முழங்கால்களுக்கு ஒவ்வவில்லை. நாற்காலியில் அமர்ந்தால் உண்ட நிறைவு இல்லை என்றார். எனவே அவருக்கு ஒரு மணை செய்து தருவதென்று முடிவு செய்தேன்.

மணை என்பது அமர்வதற்குரிய குட்டையான பலகை. 45 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், இரண்டரை செ.மீ. கனம் உள்ள ஒரே பலகை. அதன் அடியில் அகலவாட்டில் இரண்டு கால்கட்டைகள். இதைவிட எளிய தச்சுவேலை உண்டோ என்று அப்போது எண்ணினேன்.

ஓர் ஆவணி மாதத்தில், கீர்த்தி நகர் மரச்சந்தையில் மாம்பலகை ஒன்றை வாங்கி வந்தேன். பாட்டி அதைக் கையில் வாங்கி, ஓரத்தைத் திருப்பிப் பார்த்தார். "வைரம் பாயாத பக்கத்தை எதற்குக் கண்ணு வாங்கினாய்?" என்றார். எனக்கு அப்போது வைரம் என்றால் நகைக்கடை மட்டுமே தெரியும்.

மரத்தின் உட்பகுதி முதிர்ந்து, நிறம் கறுத்து, இறுகி நிற்கும். அதுவே வைரம். அதைச் சூழ்ந்திருக்கும் வெளிறிய பகுதி மென்மையானது. வண்டு முதலில் துளைப்பது அதைத்தான். வைரத்திற்குக் காழ் என்றும் ஒரு பழம்பெயர் உண்டு. தொல்காப்பியத்தின் மரபியல், உள்ளே காழ் உடையவற்றை மரம் என்றும், புறத்தே காழ் உடையவற்றைப் புல் என்றும் பிரிக்கிறது. அந்தக் கணக்கில் பனையும் தென்னையும் மூங்கிலும் புல்லே. பனந்துண்டு ஒன்றை அறுத்துப் பார்த்தால் இது விளங்கும்: ஓரம் இரும்பு போல் இருக்கும், நடுப்பகுதி மென்மையாக இருக்கும். மூங்கிலை இன்றைய தாவரவியலும் புல்லினத்திலேயே சேர்க்கிறது. எனவே பலகை வாங்குவோர் அதன் முகத்தை மட்டும் பார்த்து மயங்காமல், அறுத்த நுனியையும் பார்க்க வேண்டும். வடநாட்டில் எளிதாகக் கிடைக்கும் ஷீஷம், நம் மலைகளில் வளரும் ஈட்டி மரத்தின் நெருங்கிய உறவு. இரண்டிலும் கருமையான வைரமும் வெளிறிய புறப்பகுதியும் ஒரே பலகையில் தெளிவாகத் தெரியும். பழகுவதற்கு நல்ல பாடநூல் அவை. ஆனால் கையால் இழைக்கத் தொடங்குவோர்க்கு ஷீஷம் சற்றுக் கடினமானது.

கருவிகளைச் சந்தையிலேயே வாங்கினேன். அங்கே இழைப்புளி என்று கேட்டால் கடைக்காரர் விழிப்பார். ரந்தா என்றால் உடனே எடுத்துத் தருவார். மூலைமட்டம் அங்கே குனியா. ரம்பம் அங்கே ஆரி. வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு கருவிக்கும் பாட்டி தமிழ்ப்பெயர் சொன்னார். ஒரே பையில் இரண்டு மொழிகள் கிடந்தன.

தொடக்கத்தில் ஐந்து கருவிகள் போதும்: ரம்பம், இழைப்புளி, உளி, கொட்டாப்புளி, மூலைமட்டம். இவற்றோடு பலகையை மேசையோடு பிடித்து நிறுத்த இரண்டு கிளாம்புகளும், திருகாணிக்குத் துளையிட ஒரு துரப்பணமும் வேண்டும். இருபது கருவிகள் கொண்ட பெட்டியை ஒருங்கே வாங்குவது வீண்செலவு என்பது என் கருத்து. அதே பணத்தில் நல்ல உளி ஒன்றும் சாணைக்கல் ஒன்றும் வாங்கலாம்.

சாணைக்கல் ஏன்? கடையிலிருந்து வரும் புதிய உளி பெரும்பாலும் கூராக இருப்பதில்லை. மழுங்கிய உளிதான் கையை வெட்டும். கூரிய உளி அத்தனை எளிதில் வெட்டாது. மழுங்கிய உளி மரத்தில் இறங்காததால் நாம் வலிந்து தள்ளுகிறோம். தள்ளும் வேகத்தில் அது வழுக்கி வெளியே பாய்கிறது. உளியின் தட்டையான பின்புறத்தை முதலில் கல்லில் வைத்துச் சமமாகத் தேய்க்க வேண்டும். பிறகு சரிந்த முகத்தை ஏறத்தாழ 25 முதல் 30 பாகைக் கோணத்தில் வைத்து, அக்கோணம் மாறாமல் தேய்க்க வேண்டும். சிறிது நேரத்தில் பின்புற ஓரத்தில் மெல்லிய பிசிர் ஒன்று எழும். விரலைக் குறுக்காக வருடினால் தட்டுப்படும். பிசிர் முனை முழுவதும் எழுந்துவிட்டால் கூர் வந்துவிட்டது என்று பொருள். பின்புறத்தை ஒருமுறை கல்லில் படுக்கவைத்து இழுத்தால் பிசிர் நீங்கும். உளியைப் பயன்படுத்தும்போது இரண்டு கைகளும் எப்போதும் கூர்முனைக்குப் பின்னால் இருக்க வேண்டும். பலகையைக் கிளாம்பு பிடிக்கட்டும். உங்கள் இடக்கை அந்த வேலைக்குரியது அன்று.

அறுப்பதில் சொல்வதற்கு அதிகம் இல்லை. கோட்டின் மேல் அறுக்கக் கூடாது. கழிக்கப்போகும் பக்கத்தில், கோட்டை ஒட்டி அறுக்க வேண்டும். ரம்பத்தின் பல் தின்னும் அகலம் நம் அளவிலிருந்து போய்விடாமல் இருக்க இதுவே வழி.

இழைப்பதே இன்பமான வேலை. பொறுமையைச் சோதிப்பதும் அதுதான். பலகையின் பக்கவாட்டு ஓரத்தைக் கூர்ந்து பாருங்கள். நார்க்கோடுகள் ஒரு திசையில் மேல்நோக்கி ஏறிச் செல்லும். அவை ஏறும் திசையிலேயே இழைப்புளியைத் தள்ள வேண்டும். பூனையின் முதுகைத் தலையிலிருந்து வாலை நோக்கித் தடவுவது போன்றது இது. எதிர்த்திசையில் தள்ளினால் அலகு நாருக்கு அடியில் புகுந்து பிய்த்தெடுக்கும், பலகை சொரசொரப்பாகிவிடும். அலகு மிகச் சிறிதே வெளியே நீட்டியிருக்கட்டும். தள்ளத் தொடங்கும்போது இழைப்புளியின் முன்பகுதியையும், முடிக்கும்போது பின்பகுதியையும் அழுத்துங்கள். இல்லையேல் பலகையின் இரு நுனிகளும் தாழ்ந்து, நடு மேடாகும். சரியாக இழைத்தால் தாள் போன்ற நீண்ட சுருள் வரும். என் முதல் நீண்ட சுருளைப் பாட்டி எடுத்து, மோந்து பார்த்து, முந்தானையில் முடிந்துகொண்டார்.

மணை அழகாகவே அமைந்தது. கால்கட்டைகளைப் பலகையின் அடியில் முழுவதும் பசை தடவி ஒட்டினேன். போதாதென்று கட்டைக்கு மூன்று திருகாணிகளும் முடுக்கினேன். அசைக்க முடியவில்லை. பெருமையாக இருந்தது.

வைகாசி மாதத்து நண்பகல் ஒன்றில், யாரும் தொடாமலே, சமையலறையில் பட்டென்று ஓர் ஒலி கேட்டது. மணையின் நடுவில் நீளவாட்டில் விரிசல் ஓடியிருந்தது. பாட்டி எதுவும் சொல்லவில்லை. அன்றும் அதன்மீதே அமர்ந்தார். எழும்போது விரிசல் அவர் சேலையைக் கவ்விக்கொண்டது. மறுநாளிலிருந்து கட்டிலின் ஓரத்தில் அமர்ந்து, தட்டை மடியில் வைத்து உண்டார். அதைப் பார்க்கப் பொறுக்காமல், மணையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போனேன்.

அங்கிருந்த முதிய தச்சர் மணையைக் கவிழ்த்துப் பார்த்துச் சிரித்தார். "பேட்டா, இதன் மூச்சைக் கட்டிவிட்டாயே!" என்றார்.

மரத்தை வெட்டிப் பலகையாக்கிய பின்பும் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். வறண்ட காலத்தில் வெளிவிடும். ஈரம் ஏறினால் பலகை அகலத்தில் விரியும். ஈரம் போனால் அகலத்தில் சுருங்கும். நீளத்தில் ஏற்படும் மாற்றமோ கண்ணுக்குத் தெரியாத அளவு. மழைக்காலத்தில் கதவு இறுகுவதும் இதனால்தான். நான் பலகை வாங்கியது ஈரமிகுந்த ஆவணியில். தில்லியின் வறண்ட கோடையில் 30 செ.மீ. அகலம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் சுருங்க முயன்றது. ஆனால் கால்கட்டைகளின் நீளம் அந்த அகலத்தின் திசையில் கிடந்தது, அவை சுருங்கவில்லை. பசையோ விட்டுக்கொடுக்கவில்லை. இடையில் அகப்பட்ட பலகை பிளந்தது. வலிமைக்காக நான் செய்த வேலையே அதை உடைத்தது.

பழைய வீடுகளின் கதவுகளைப் பாருங்கள். சட்டத்தின் உட்புறத்தில் நீண்ட பள்ளம் ஒன்று வெட்டியிருப்பார்கள்; அதற்குக் காடி என்று பெயர். நடுப்பலகை பசையின்றி அந்தக் காடிக்குள் செருகப்பட்டிருக்கும். பலகை விரியவும் சுருங்கவும் உள்ளே இடம் உண்டு. செட்டிநாட்டு வீடுகளின் பர்மாத் தேக்குக் கதவுகளைக் காணும் வாய்ப்புக் கிடைத்தால், செதுக்கு வேலையோடு இதையும் தேடிப் பாருங்கள்.

இரண்டாம் மணைக்கு வைரம் பாய்ந்த பலகையை வாங்கினேன். வாங்கியவுடன் வேலையைத் தொடங்காமல், வீட்டுக் காற்றுக்குப் பழகட்டும் என்று நான்கு வாரம் அறையிலேயே நிறுத்தி வைத்தேன். பசை தடவவில்லை. ஒவ்வொரு கால்கட்டையிலும் நடுத்துளையை மட்டும் திருகாணி இறுக அமையும்படி வட்டமாகப் போட்டேன். இரு ஓரத் துளைகளையும் கட்டையின் நீளவாட்டில் சற்று நீண்டிருக்குமாறு உளியால் செதுக்கினேன். நடுத்திருகாணி பலகையைப் பிடித்திருக்கும். ஓரத் திருகாணிகள் பலகையோடு நகரும். கடைசியாக உப்புத்தாளை நாரின் போக்கிலேயே தேய்த்து முடித்தேன்.

பாட்டி மணையைக் கவிழ்த்து, நீண்ட துளைகளைப் பார்த்தார். "துளையைப் பெரிதாகப் போட்டுவிட்டாயா?" என்றார். காரணத்தைச் சொன்னேன். அன்றிரவு தரையில் மணையைப் போட்டு, அதன்மீது அமர்ந்து, இரண்டாம் முறை சோறு கேட்டார்.

அருஞ்சொற்பொருள்

வைரம், காழ் – மரத்தின் இறுகிய முதிர்ந்த பகுதி
கொட்டாப்புளி – உளியின் தலையில் அடிக்கும் மரச்சுத்தி
துரப்பணம் – துளையிடும் கருவி
காடி – பலகை செருகுவதற்கு வெட்டிய நீண்ட பள்ளம்
பிசிர் – தீட்டும்போது ஓரத்தில் எழும் மெல்லிய நீட்சி

பயிற்சி

1. "இதன் மூச்சைக் கட்டிவிட்டாயே!" என்று முதியவர் கூறியதன் பொருளை நான்கு வரிகளில் எழுதுக.

2. பாட்டி கட்டிலின் ஓரத்தில் அமர்ந்து உண்டது ஏன்? அவர் ஏன் எதுவும் சொல்லவில்லை என நினைக்கிறீர்கள்?

3. பிரித்து எழுதுக: இழைப்புளி, உப்புத்தாள், சாணைக்கல்.

4. மரம் இழைத்தல், சந்தனம் இழைத்தல், தீமை இழைத்தல் – மூன்றிலும் ‘இழைத்தல்’ என்னும் சொல் உணர்த்தும் பொருளை வேறுபடுத்தி எழுதுக.

5. நீங்கள் வாழும் ஊரின் மொழியில் ஐந்து கருவிப் பெயர்களைக் கேட்டறிக. அவற்றுக்குரிய தமிழ்ப்பெயர்களை வீட்டுப் பெரியோரிடம் கேட்டு, எதிரெதிரே எழுதுக.

6. வீட்டிலுள்ள அகன்ற மரப்பலகை ஒன்றின் அகலத்தையும் நீளத்தையும் மில்லிமீட்டர்க் கணக்கில் இன்று அளந்து, தேதியுடன் குறித்து வைக்க. மழைக்காலத்தில் ஒருமுறையும் கோடையில் ஒருமுறையும் மீண்டும் அளந்து, வேறுபாட்டை எழுதுக.