கட்டிலோரம் ஒரு நோட்டு

படுக்கையில் இருக்கும் பெரியவரைப் பார்த்துக்கொள்ளப் பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர் என்று ஆள் வைத்திருக்கிறீர்களா? முதலில் ஒரு நோட்டு வாங்கி, பேனாவை நூலில் கட்டிக் கட்டிலோரம் தொங்கவிடுங்கள். மாத்திரை, சாப்பாடு, சிறுநீர், எந்தப் பக்கம் படுத்திருக்கிறார் என எல்லாவற்றையும் அவ்வப்போதே எழுதட்டும். ‘காலை மாத்திரை கொடுத்தாச்சு’ என்பது போதாது. ‘8.10, மெட்ஃபார்மின் 500, 2 இட்லி சாப்பிட்ட பிறகு’ என்று இருக்க வேண்டும். என் மாமியாருக்கு ஒருநாள் பிரஷர் மாத்திரை இரண்டு தடவை போய்விட்டது. அன்று சாயங்காலமே நோட்டு வாங்கினேன்.

டாக்டர் போனில் அளவு சொன்னால், எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டி, “சரிதானே டாக்டர்?” என்று கேளுங்கள். ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் காதில் ஒன்றுபோல விழும். இன்சுலினில் அது உயிர் விஷயம்.

2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள். தொடுவதற்கு முன், “அம்மா, இடது பக்கம் திருப்பப்போறேன்” என்று சொல்லுங்கள், பேச்சு நின்றுபோனவரிடமும்தான். சொல்லாமல் கை வைத்தால் பயந்து உடம்பை விறைத்துக்கொள்வார்கள்.

“இடுப்புப் பக்கம் சிவந்திருக்குக்கா” என்று பார்த்துக்கொள்கிறவர் சொன்னால், உடனே போய்ப் பாருங்கள். விரலால் அழுத்தி எடுத்த பிறகும் சிவப்பு வெளுக்கவில்லை என்றால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது. அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள்.