லினக்ஸ் நிர்வாகம்: பெரும் புத்தகத்தைப் படிக்கும் முறை

நம் சங்கத்து வாலிபர்கள் சிலர் கணினி நிர்வாகம் கற்க ஆவல் கொண்டு, கனத்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றை வாங்கி முதல் ஏட்டிலிருந்து வாசிக்கத் தொடங்குகின்றனர். நாற்பதாம் பக்கம் வருமுன் புத்தகம் அலமாரிக்குப் போய்விடுகிறது. அவர்கள் பொருட்டே இதனை எழுதுகிறோம்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு நின்றுவிட்டது. விண்டோஸ் 11-ஐ ஏற்காத பழைய கணினிகள் வீட்டில் கிடந்தால் வீசிவிட வேண்டாம். 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸை அவற்றில் செலவின்றி ஏற்றிப் பழகலாம். சங்கத்தின் கணக்கும் அங்கத்தினர் பதிவும் உள்ள கணினியில் மட்டும் பழகாதீர்கள். அது அமானத்.

இத்துறையில் பெயர்பெற்றது எவி நெமத் அம்மையாரும் கூட்டாளிகளும் எழுதிய கைந்நூல். 1989-இல் முதலில் வந்தது. ஐந்தாம் பதிப்பு 2017-இல் வெளியாயிற்று. ஆயிரம் பக்கங்களுக்கு மேல். இதனை ஒரே மூச்சில் ஓதி முடிக்க வேண்டியதில்லை. தேவையான அத்தியாயத்தைத் திறந்து, ஒரு பக்கம் படித்து, அதைக் கணினியில் செய்து பார்த்த பின்பே அடுத்த பக்கம் புரட்ட வேண்டும்.

கோப்பு அனுமதியை எடுத்துக்கொள்வோம். படிக்க 4, எழுத 2, இயக்க 1. உரிமையாளர், குழு, மற்றவர் என்று மூன்று இடம். கணக்குக் கோப்புக்கு 640 என்றால், பொருளாளர் படிக்கவும் எழுதவும் செய்வார், நிர்வாகக் குழுவினர் படிக்க மட்டும், பிறருக்கு ஒன்றுமில்லை. பற்று வரவு எழுதியவர்க்கு இது கடினமன்று.

பலர் தடுக்கி விழும் இடம் இதற்கப்பால் உள்ளது. கோப்பை எவரும் எழுதாதபடி 444 என்று பூட்டினாலும் அதை அழித்துவிட முடிகிறது! காரணம், கோப்பின் பெயர் கோப்பில் இல்லை. அது இருக்கும் அடைவின் பட்டியலில் உள்ளது. அழிப்பதென்பது அப்பட்டியலிலிருந்து பெயரை அடிப்பதாகும். ஆகவே அங்கே செல்லுபடியாவது அடைவின் அனுமதியே. இதை மனப்பாடம் செய்து பயனில்லை. கண்ணால் காண வேண்டும்.

அச்சுப் புத்தகத்துக்கு வயதாகும் என்பதையும் மறக்கலாகாது. மேற்படி பதிப்பில் உதாரணமாகக் காட்டப்பட்ட சென்ட்ஓஎஸ் லினக்ஸ் 2024 ஜூனோடு முடிவுற்றது. ஆகையால் காரண காரியத்தைப் புத்தகத்தில் படியுங்கள். கட்டளையின் விவரத்தை உங்கள் கணினியிலேயே உள்ள கையேட்டில் சரிபாருங்கள். எம், ஏ, என் என்ற மூன்றெழுத்தை அடித்து, இடம் விட்டுக் கட்டளையின் பெயரை அடித்தால் அது திறக்கும். அதன் 1-ஆம் பகுதி பொதுக் கட்டளைகள், 5-ஆம் பகுதி கோப்புகளின் அமைப்பு, 8-ஆம் பகுதி நிர்வாகக் கட்டளைகள்.

இம்மாதப் பயிற்சி: புதிய அடைவொன்றில் வெற்றுக் கோப்பு ஒன்றை உண்டாக்கி, அதற்கு 444 இட்டு, அழித்துப் பாருங்கள். கணினி ஒரு வார்த்தை கேட்கும், சம்மதித்தால் அழித்துவிடும். மறுபடி உண்டாக்கி, இம்முறை அடைவுக்கு 555 இட்டு அழிக்க முயலுங்கள். மறுத்துவிடும். சாதாரணப் பெயரில் நுழைந்தே இதைச் செய்க. ரூட் என்னும் தலைமைப் பெயரில் நுழைந்தால் இந்தப் பூட்டு எதுவும் தடுக்காது; இருமுறையும் அழிந்துவிடும்.