டிக்கெட்டா? டோக்கனா?

திருமலையின் அடிவாரத்தில் இருக்கிறது அலிபிரி. முன்பு இது சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டம் ஆனது. மலைக்கு நடந்து போகும் பெரிய படிவழி இங்கிருந்துதான் தொடங்குகிறது. ஏறத்தாழ 3,550 படிகள். தமிழ்நாட்டு பக்தர்கள் பலர் இந்த வழியாக ஏறுகிறார்கள்.

இங்கே பேசும் மொழி தெலுங்கு. தமிழ் தெரிந்தவர்களும் உண்டு. ஆனாலும் கவுண்டரில் நின்று பேசும்போது ஆங்கிலச் சொற்கள்தான் அதிகம் காதில் விழும். சில சொற்கள் ஒன்றுபோல ஒலிக்கும். பொருளோ வேறு. மாற்றிப் புரிந்துகொண்டால் பணமும் வீண், நேரமும் வீண். ஆகவே சில சொற்களைத் தெரிந்துகொள்வோம்.

ஃப்ரீ – ஃபீ

ஃப்ரீ என்றால் இலவசம். ஃபீ என்றால் கட்டணம். பள்ளிக்கூடத்தில் ஃபீஸ் கட்டுகிறோமே, அதே சொல்தான். ஃப்ரீ என்னும் சொல்லில் 'ர' ஒலி உண்டு. ஃபீ என்னும் சொல்லில் அது இல்லை. இதை நினைவில் வைத்தால் போதும்.

திருமலையில் அன்னதானம் ஃப்ரீ. இந்தத் திட்டம் 1985-இல் தொடங்கியது. கல்யாணகட்டாவில் முடி காணிக்கை கொடுப்பதும் ஃப்ரீ.

டிக்கெட் – டோக்கன்

டிக்கெட் பணம் கொடுத்து வாங்குவது. பஸ்ஸில் வாங்குகிறோம். மலையில் 300 ரூபாய் சிறப்பு நுழைவு தரிசனத்துக்கும் டிக்கெட் உண்டு.

டோக்கன் என்பது முறைச் சீட்டு. நம் முறை எப்போது வரும் என்று அது சொல்லும். ரேஷன் கடையிலும் டோக்கன் கொடுப்பார்கள். சர்வ தரிசனத்துக்குத் தருவது டோக்கன். அதற்குப் பணம் கிடையாது.

யாராவது வந்து, "அம்மா, கியூவில் நிற்க வேண்டாம். டோக்கன் நான் வாங்கித் தருகிறேன். ஆளுக்கு இருநூறு கொடுங்கள்" என்று சொல்லலாம். அப்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "டோக்கனுக்கு ஏது ஐயா பணம்?" சொல்லின் பொருள் தெரிந்தவரை ஏமாற்றுவது எளிதல்ல.

லக்கேஜ் – லாக்கர்

லக்கேஜ் என்றால் நாம் கொண்டுபோகும் மூட்டை முடிச்சு. நடந்து ஏறுபவர்களின் பைகளை அலிபிரியில் வாங்கிக்கொள்கிறார்கள். வண்டியில் மேலே அனுப்புகிறார்கள். இது ஃப்ரீ. மேலே போய் ரசீதைக் காட்டிப் பையை வாங்கிக்கொள்ளலாம். ரசீது பத்திரம்!

லாக்கர் என்றால் பூட்டி வைக்கும் பெட்டி. அதில் வைத்த பொருள் அங்கேயே இருக்கும். லக்கேஜ் கவுண்டரில் கொடுத்த பையை லாக்கரில் தேடினால் கிடைக்குமா?

ரென்ட் – டெபாசிட்

ரென்ட் என்றால் வாடகை. கொடுத்தால் திரும்பி வராது. டெபாசிட் என்றால் பிணையாகக் கட்டும் பணம். அறையைச் சேதமில்லாமல் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணமும் திரும்பி வரும். அறை எடுக்கும்போது, "இதில் ரென்ட் எவ்வளவு, டெபாசிட் எவ்வளவு?" என்று கேட்க வேண்டும். கேட்பதில் வெட்கம் இல்லை. அது நம் பணம்.

அப் – டவுன்

அப் என்றால் மேலே. டவுன் என்றால் கீழே. திருமலைக்கு இரண்டு மலைச் சாலைகள் உண்டு. முதல் சாலை 1944-இல் வந்தது. இரண்டாவது 1974-இல் வந்தது. இப்போது புதிய சாலையில் வண்டிகள் மேலே ஏறுகின்றன. பழைய சாலையில் கீழே இறங்குகின்றன. மலைச் சாலையைக் 'காட் ரோடு' என்பார்கள். காட் என்பது காடு அல்ல. வட இந்திய மொழிகளில் மலைப்பாதைக்கு அந்தப் பெயர்.

பயிற்சி

1. சரியான சொல்லை எழுதுங்கள்.
அ) அன்னதானத்துக்குப் பணம் இல்லை. அது ______. (ஃப்ரீ / ஃபீ)
ஆ) பூட்டி வைக்கும் பெட்டி ______. (லக்கேஜ் / லாக்கர்)
இ) அறையைக் காலி செய்யும்போது திரும்பி வரும் பணம் ______. (ரென்ட் / டெபாசிட்)

2. ஒருவர் அறைக்கு 600 ரூபாய் கட்டினார். அதில் பாதி டெபாசிட். அவருக்குத் திரும்பி வர வேண்டியது எவ்வளவு?

3. உங்கள் ஊர் பஸ் நிலையம், வங்கி, ஆஸ்பத்திரி ஆகிய இடங்களில் கேட்கும் ஐந்து ஆங்கிலச் சொற்களை எழுதுங்கள். அவற்றின் பொருளை மையத்தில் எல்லோரும் கூடிப் பேசுங்கள்.